அடுப்புப் பரணில் ஃபிளாப்பி

ஜூன் 14, 1988. செவ்வாய்

இன்றும் நாள் முழுக்க மூடுபனி. வகுப்பறை ஜன்னலிலிருந்து மைதானம் தெரியவில்லை. கெமிஸ்ட்ரி டெஸ்ட் சுமாராக எழுதினேன்.

கம்ப்யூட்டர் அறையைத் திறந்தபோது ஃபிளாப்பிப் பெட்டி இல்லை. சாவி பகலில் என்னிடம் இருக்கும், ராத்திரி விசாலாட்சியக்காவின் ஆணியில் தொங்கும். ஹாஸ்டல் வார்டன் அவர்தான், சமையலறைக்கும் அவர்தான் பொறுப்பு. போய்க் கேட்டேன்.

"எல்லாம் பூஞ்ச பூத்துக் கெடந்துச்சுடி. காயட்டும்னு பரண்ல வச்சிருக்கேன்."

விறகடுப்புக்கு மேலே மூங்கிலில் கட்டின பரண். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை எங்கள் ஹாஸ்டலில் எல்லாமே அங்கேதான் காயும். காலுறை, போர்வை, வத்தல், மழையில் நனைந்த ரெக்கார்டு நோட்டு. அக்கா முக்காலி போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினார். நேற்று ராத்திரி வைத்ததாம். ஃபிளாப்பிகள் அப்பளம் மாதிரி வளைந்திருந்தன. அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"வேற வாங்கிக்கலாம்ல?"

"இதுலதான்க்கா கம்பைலர் இருக்கு."

"அது என்ன எழவோ. நீ ஒண்ணும் பாக்கல, நான் ஒண்ணும் எடுக்கல. வெளங்குதா? என்னைய அனுப்புனா எனக்குப் போக எடமில்ல முத்து. ஒனக்கு வில்பட்டி இருக்கு."

பெட்டியைக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்துப் பூட்டினேன்.

கம்ப்யூட்டர் அறையைப் பெருக்கித் துடைத்து, மெஷினுக்கு உறை போட்டு, கம்ப்யூட்டர் சொல்லித்தரும் லீலா மிஸ்ஸுக்குக் கூடமாட இருப்பதற்காகத்தான் எனக்கு இங்கே இலவசமாக இடம் கொடுத்திருக்கிறார்கள். இல்லையென்றால் வில்பட்டியில் அப்பாவோடு கேரட் பிடுங்கிக்கொண்டிருப்பேன். மெஷினுக்கு ஏதாவது ஆனால் முதலில் யாரைக் கேட்பார்கள்?

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். பக்கத்துக் கட்டிலில் இருமுகிறார்கள். போதும்.

ஜூன் 15

லீலா மிஸ் பெட்டியைத் திறக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 17, வெள்ளி

இன்று திறந்துவிட்டார். ஒரு ஃபிளாப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஈரமா இருக்கும்" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்ன போயிற்று என்று எனக்கே தெளிவாக இருக்கட்டும், எழுதி வைக்கிறேன். எங்கள் புரோகிராம் பேசிக் மொழியில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் எல்லார் பெயரையும் தமிழில் திரையில் காட்டும். ஆனால் பேசிக்கில் எழுத்தைப் புள்ளி புள்ளியாக வரைந்தால் ஒரு பெயர் முடிவதற்குள் பெல் அடித்துவிடும். அதனால் வரைகிற பகுதியை மட்டும் சி என்ற மொழியில் எழுதி, அதைக் கம்பைலர் மெஷினுக்குப் புரிகிறபடி மாற்றி, பேசிக்கோடு ஒட்டியிருந்தார்கள். போன வருஷம் வேலையை விட்டுப் போன சார் செய்தது. பேசிக் ஃபிளாப்பி மெஷினுக்குள்ளேயே இருந்ததால் தப்பித்தது. சி கம்பைலரும், அது மாற்றிக் கொடுத்த பகுதியும் பெட்டியில் இருந்தன. மிச்சம் இருப்பது சி-யில் எழுதினதின் காகிதப் பிரதி மட்டும்.

மதுரைக்கு எழுதி வேறு கம்பைலர் வரவழைக்கலாம் என்று மிஸ் சொன்னார். "நான் ஒரு மாசம் டிரெய்னிங் போனவ. நீ ஒரு வருசமா இத தொடச்சிருக்க. நமக்குள்ள யாரு பெரிய ஆளு, சொல்லு பாப்போம்."

சிரிக்க முயன்றேன்.

ஜூன் 27, திங்கள்

மதுரைக் கம்பெனியிலிருந்து சேனாதிபதி சார் வந்தார். ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர். புதுக் கம்பைலர் கொண்டுவந்திருக்கிறார், பழையது கிடைப்பதில்லையாம். இது வேறு கம்பெனி செய்தது. சி என்றால் எல்லாம் ஒரே சி-தான் என்றார்.

பிறகு வளைந்த ஃபிளாப்பிகளைப் பார்த்தார். பள்ளித் தலைமையான பெரிய சிஸ்டரும் இருந்தார்.

"ஈரத்துல பூஞ்ச வரும், வளையாது. இது சூடு. யாரோ வெயில்ல வச்சிருக்காங்க."

லீலா மிஸ், "ஜூன் மாசம் இந்த ஊர்ல வெயிலா? எங்கன்னு சொல்லுங்க சார், நானும் போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்றார்.

"அப்ப ஹீட்டர்."

"ஹீட்டர் என் ரூம்ல மட்டும்தான் இருக்கு" என்றார் பெரிய சிஸ்டர். "சாவி யார்ட்ட இருக்கும்?"

"தங்கமுத்துகிட்ட" என்று யாரோ சொன்னார்கள். ராத்திரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

பெரிய சிஸ்டர் கோபப்படவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். மெஷின் கொடுத்த கமிட்டி ஜூலை 22 அன்று மெட்ராஸிலிருந்து வருகிறது. தமிழில் பெயர்கள் வரும் என்பதற்காகத்தான் தமிழ் மீடியம் பள்ளிக்குக் கொடுத்தார்கள். வரவில்லை என்றால் கீழே பாய்ஸ் ஸ்கூலுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். "மெஷினே போனப்புறம் அதுக்கு ஒரு ஆள் எதுக்கும்மா?"

ராத்திரி என் தட்டில் விசாலாட்சியக்கா இரண்டு முட்டை வைத்தார். மற்றவர்களுக்கு ஒன்று. சாப்பிட்டேன்.

ஜூலை 1, வெள்ளி

காகிதத்தைப் பார்த்து சி-யை முழுக்க அடித்தேன். கம்பைல் ஆகிவிட்டது. ஆனால் ஒட்டுகிறபோது, நீ சொல்கிற பெயரில் இங்கே எதுவும் இல்லை என்கிறது. கண்ணெதிரே இருக்கிறது, இல்லை என்கிறது. புதுக் கம்பைலர் ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் தானாகவே ஓர் அடிக்கோடு போட்டுக்கொள்வதைச் சாயங்காலம்தான் கவனித்தோம். பேசிக் கோடில்லாத பெயரைத் தேடுகிறது. கோடு போடாதே என்று சொல்ல ஓர் ஆப்ஷன் இருந்தது. போட்டதும் ஒட்டிக்கொண்டது.

"பாத்தியா, அவ்வளவுதான்" என்றார் மிஸ்.

ஓட விட்டோம். திரை இருட்டாகி மெஷின் நின்றுவிட்டது.

ஜூலை 3, ஞாயிறு

அப்பா வந்திருந்தார். ஒரு பை கேரட், மண்ணோடு. கேட்டுக்கு வெளியிலேயே நின்றார், உள்ளே வரமாட்டார்.

"என்னா புள்ள, எளச்சுப் போயிட்ட. இஸ்கோல்ல யாரும் ஏதும் சொன்னாங்களா?"

"இல்லப்பா."

"சொன்னாலும் வாயக் கொடுக்காத. நாம வந்து சேந்த சனம். அவங்க நெனச்சா விடுவாங்க, நெனச்சா வெரட்டுவாங்க."

அப்பா எதற்கும் இதைத்தான் சொல்வார். கடல் தாண்டி அங்கே தேயிலைத் தோட்டத்தில் இரண்டு தலைமுறை இருந்து, பிறகு இங்கே கப்பலேற்றி அனுப்பினார்கள். நான் கைக்குழந்தை. எனக்கு அந்தக் கப்பல் ஞாபகமில்லை, அப்பா சொல்கிற விதம்தான் ஞாபகம்.

அப்பாவிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவரே என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போயிருப்பார்.

ஜூலை 8, வெள்ளி

ஓர் எழுத்து வந்தது. இடம் மாறி வந்தது. மேலே வரவேண்டியது பக்கவாட்டில் எங்கோ போய் நிற்கிறது. அப்புறம் மெஷின் நின்றுவிடுகிறது.

இடம் மாறுவது ஏன் என்று தெரிந்தது. பேசிக் குறுக்கே எவ்வளவு, கீழே எவ்வளவு என்ற வரிசையில் கொடுக்கிறது. புதுக் கம்பைலர் கடைசியில் கொடுத்ததை முதலாவதாக எடுத்துக்கொள்கிறது. நான் சி-யில் வரிசையைத் தலைகீழாக எழுதிவிட்டேன். எழுத்து சரியான இடத்துக்கு வந்தது. மெஷின் நிற்பது மட்டும் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் அணைத்துப் போடவேண்டியிருக்கிறது. அணைக்கிற ஒவ்வொரு தடவையும் பயம், திரும்ப வராமல் போய்விட்டால்?

லீலா மிஸ் சேனாதிபதி சாருக்கு டிரங்க் கால் போட்டார். "கம்பைலர்ல குத்தமில்ல, உங்க புள்ள என்னத்தையோ அமுக்கியிருக்கும்" என்றாராம். மிஸ் அதைச் சொல்லிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அமுக்கினாயா என்று கேட்கவில்லை.

ஜூலை 12, செவ்வாய்

ஒன்றுமே செய்யாத ஒரு சி பகுதி எழுதினேன். போ, எதுவும் வரையாதே, திரும்பி வா. அவ்வளவுதான். அதற்கும் நின்றது.

அடுத்து, திரும்பியே வராத ஒன்று. போ, வரைந்துகொண்டே இரு. அது அழகாக வரைந்துகொண்டே இருந்தது. ஆக, போவதில் தகராறு இல்லை. வரைவதிலும் இல்லை. திரும்பி வருவதில்தான்.

மிஸ்ஸும் நானும் உட்கார்ந்து கம்பைலரின் ஆப்ஷன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். புரோகிராம் சின்னதா, நடுத்தரமா, பெரியதா என்று ஒரு கேள்வி இருக்கிறது. நாங்கள் எதுவும் சொல்லாததால் சின்னது என்று அதுவே வைத்துக்கொண்டிருக்கிறது. சின்னது என்றால், கூப்பிட்டவன் பக்கத்து அறையில் இருக்கிறான் என்று நினைத்து அறை எண்ணை மட்டும் எடுத்துப் பார்த்துத் திரும்பும். பேசிக் கூப்பிடுவதோ வேறு தெருவிலிருந்து. தெருவும் சேர்த்துச் சொல்லித்தான் அனுப்புகிறது. இது தெருவை எடுப்பதில்லை.

நடுத்தரம் என்று மாற்றினோம். 'அமுதா' என்று ஒரு பெயர் முழுசாக வந்தது. மெஷின் நிற்கவில்லை.

மிஸ் எழுந்து ஜன்னலைத் திறந்தார். பனி உள்ளே வந்தது. உடனே சாத்திவிட்டார்.

ஜூலை 16, சனி

சந்தோஷப்பட்டது தப்பு.

ஒன்றிரண்டு பெயர் என்றால் நன்றாக வருகிறது. முழு வகுப்பையும் கொடுத்தால் பாதியில் நிற்கிறது. அதுவும் ஒரே இடத்தில் இல்லை. பெயர்கள் சின்னதாக இருந்தால் நிறையப் பேர் வருகிறார்கள், பெரிய பெயர்களாக இருந்தால் சீக்கிரம் நின்றுவிடுகிறது. ஆகப் பெயர்க் கணக்கு இல்லை, எழுத்துக் கணக்கு. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தடவை போய்வருகிறதே, அப்போது எதையோ விட்டுவிட்டு வருகிறது. என்னத்தை? தெரியவில்லை.

லீலா மிஸ் திங்கட்கிழமை கீழே போகிறார். திண்டுக்கல்லில் அவர் தங்கைக்குப் பிரசவம். கமிட்டி வருகிற அன்று காலை வந்துவிடுவாராம். "நாலு பேர மட்டும் காட்டி சமாளிச்சிருவோம் முத்து." கமிட்டி ஐந்தாவது பெயரைக் கேட்டால்?

சமையலறையில் அக்கா கேட்டார். "ஓடுமா ஓடாதா?"

"தெரியலக்கா."

"ஓட வையி. எப்படியாச்சும் ஓட வச்சிரு. சாமிக்கு நேந்திருக்கேன்." பிறகு, குரலைத் தாழ்த்தி, "யார்ட்டயும் ஒளறலயே?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் என் தோளைப் பிடித்திருந்தார். வலிக்கவில்லை. ஆனாலும் கையை எடுக்கும்வரை நான் மூச்சு விடவில்லை.

ஜூலை 17, ஞாயிறு

பதுருன்னிசா வீட்டுக்குப் போக அனுமதி கிடைத்தது. என் வகுப்புதான், பஜாரில் அவள் அத்தா இரும்புக் கடை வைத்திருக்கிறார். மத்தியானம் அங்கே சாப்பாடு. முடிந்ததும் பழக்கத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டேன்.

அவள் அம்மா ஓடி வந்து பிடுங்கினார். "வையிம்மா அங்க. வீட்டுக்கு வந்த புள்ள தட்டக் கழுவிச்சுன்னா எங்களுக்கு என்ன மரியாத?"

"அவ ஹாஸ்டல் புள்ளம்மா" என்றாள் பதுருன்னிசா. "விட்டா நம்ம தட்டயும் கழுவி, மாடியப் பெருக்கி, அத்தா கடைக்குப் போய் ஆணியெல்லாம் எண்ணி வச்சிட்டு வந்திருவா."

"நீ ஹாஸ்டலுக்கு வந்து சாப்ட்டுட்டுத் தட்ட அப்பிடியே வச்சிட்டுப் போ பாப்போம்" என்றேன்.

"வைப்பேன். யாராச்சும் எடுப்பாங்க."

"யாரும் எடுக்க மாட்டாங்க. அப்பிடியே கெடக்கும்."

சொல்லிவிட்டு நான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். "ஏண்டி, தட்டுக்கா இப்பிடி ரோசம்?" என்று அவள் கேட்டாள்.

ரோசம் இல்லை. பேசிக் எங்கள் ஹாஸ்டல் மாதிரி. வந்தவர்கள்தான் தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டுப் போகவேண்டும் என்று நினைக்கிறது. புதுக் கம்பைலர் பதுருன்னிசா வீட்டில் வளர்ந்தது. கூப்பிட்ட வீட்டுக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று வைத்துவிட்டுப் போய்விடுகிறது. இரண்டு பேர் மேலும் தப்பில்லை. ஆனால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தட்டு. சேர்ந்து சேர்ந்து வைக்க இடமில்லாமல் போகிறது. பேசிக்கும் பழைய கம்பைலரும் ஒரே கம்பெனி என்பதால் இது வந்ததில்லை.

கம்பைலரைத் தட்டை எடுக்க வைக்க எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொருவராகக் கூப்பிடாமல் எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தால்?

ஜூலை 19, செவ்வாய்

நேற்றும் இன்றும் பள்ளி விட்டபின் தனியாக உட்கார்ந்தேன். எல்லாப் பெயர்களையும் பேசிக்கில் முதலில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, சி பகுதியை ஒரே ஒரு தடவை கூப்பிட்டேன். முழு வகுப்பையும் அதுவே வரைந்துவிட்டுத் திரும்பி வரட்டும். ஒரு தட்டுதான் மிஞ்சும்.

வந்தது. முழு வகுப்பும் வந்தது. பிறகு பள்ளி முழுக்கக் கொடுத்தேன். பக்கம் பக்கமாக வந்தது. நடுவில் என் பெயரும் வந்து போயிற்று. மறுபடி ஓட விட்டேன், மறுபடி. நிற்கவே இல்லை.

சொல்வதற்கு யாரும் இல்லை. மிஸ் திண்டுக்கல்லில். பெரிய சிஸ்டரிடம் நானாகப் போய்ப் பேசினதில்லை. உறையைப் போட்டுப் பூட்டிவிட்டு வந்தேன்.

ஜூலை 20, புதன்

சாவியை ஆணியில் மாட்டும்போது விசாலாட்சியக்கா கேட்டார். "என்னாச்சு அது?"

"பாக்கணும்க்கா" என்றேன்.

ஓடுகிறது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஏன் சொல்லவில்லை? மிஸ்ஸிடம்தான் முதலில் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அது மட்டுமில்லை. ஒரு மாசமாக நான் தூங்கவில்லை. அவங்களும் ரெண்டு ராத்திரி முழிச்சுக் கெடக்கட்டும்னு தோணுச்சு.

அக்கா கம்பளியைப் போர்த்திக்கொண்டு உள்ளே போனார்.

ஜூலை 22, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலை ஜெபத்துக்கு முன்னால் பெரிய சிஸ்டர் கூப்பிட்டனுப்பினார். அறையில் விசாலாட்சியக்கா நின்றுகொண்டிருந்தார். தலை சீவி, நல்ல சேலை கட்டியிருந்தார்.

"இவங்க சொல்றதெல்லாம் உண்மையாம்மா? பரண்ல இவங்கதான் வச்சாங்களா?"

ஆமாம் என்றேன்.

"வெளிய சொல்லக் கூடாதுன்னு ஒன்ன மெரட்டுனாங்களா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஆமா சிஸ்டர் என்றேன். பொய் இல்லை.

"அடுப்புல வச்சது தெரியாத்தனம். பூஞ்சக்குப் பயந்து வச்சீங்க, நானா இருந்தாலும் வச்சிருப்பேன். ஒரு மாசமா புள்ளைய வாயடச்சு வச்சிருந்தீங்களே, விசாலாட்சி."

"இன்னைக்கு அவள அனுப்பிருவாங்களேன்னுதான் சிஸ்டர் வந்தேன். மெசின் ஓடலன்னு முந்தாநேத்துதான் சொல்லுச்சு."

நான் அப்படிச் சொல்லவில்லை. பாக்கணும் என்றுதான் சொன்னேன். அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். சிஸ்டர் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்.

பத்து மணிக்குக் கமிட்டி வந்தது. லீலா மிஸ் பஸ்ஸிலிருந்து நேராக ஓடி வந்தார், பை தோளிலேயே இருந்தது. "நாலு பேர மட்டும் போடு" என்று காதில் சொன்னார். நான் எல்லாவற்றையும் போட்டேன். பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. மிஸ் என்னையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கமிட்டியில் வயதான ஓர் அம்மாள் தன் பெயரையும் போடச் சொன்னார். அதுவும் வந்தது. புதுக் கம்பைலர் மிக நன்றாக இருக்கிறது என்று, மதுரையிலிருந்து வந்திருந்த சேனாதிபதி சாரைப் பாராட்டினார்கள். அவர் கைகூப்பினார்.

மெஷின் இங்கேயே இருக்கும். நானும்.

அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார் என்று சமையல்காரம்மா சொன்னார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குடை.

ஜூலை 23

ஒன்றும் எழுதுவதற்கில்லை. உப்புமா.

ஆகஸ்ட் 3, புதன்

புது வார்டன் பழனியிலிருந்து வந்திருக்கிறார். பரணில் துணி போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். எல்லாம் ஈரமாகவே இருக்கிறது.

தட்டு விஷயத்தை லீலா மிஸ்ஸிடம் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டுக் கரும்பலகையில் எழுதி வைக்கச் சொன்னார். பிறகு, "எப்ப முடிச்ச?" என்று கேட்டார். கமிட்டி வந்த வாரம், செவ்வாய்க்கிழமை என்றேன். மிஸ் மனசுக்குள் நாட்களை எண்ணுவது தெரிந்தது.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

பதுருன்னிசாவோடு பஜாருக்குப் போனேன். பேரிக்காய் மண்டி வாசலில் பெண்கள் உட்கார்ந்து காய் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் விசாலாட்சியக்கா. எந்த ஊருக்கும் போகவில்லை. அன்று பஸ்ஸே ஏறவில்லையாம். அட்டுவம்பட்டியில் ஒரு வீட்டில் தங்கியிருக்கிறார்.

திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

"ஏண்டி முத்து, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்க்கா."

"அது ஓடிருச்சாமே. சொன்னாங்க." கை பாட்டுக்குக் காய்களைப் பிரித்துக்கொண்டிருந்தது, நல்லது ஒரு கூடை, அடிபட்டது ஒரு கூடை. "நான் சிஸ்டர்ட்டப் போய்ச் சொன்னேன்ல, அதுக்கப்புறம்தான ஓடுச்சு? அன்னைக்குக் காலையிலதான?"

பதுருன்னிசா பக்கத்துக் கடையில் வளையல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று சொன்னால் முடிந்துவிடும். அக்காவே அந்தப் பதிலை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"இல்லக்கா. செவ்வாக்கெழமையே ஓடிருச்சு."

கை நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, கூடையைப் பார்த்தார்.

"பொதங்கெழம நான் ஒன்ட்டக் கேட்டேன்."

"ஆமாக்கா."

மண்டிக்காரர் உள்ளிருந்து, "விசாலாட்சி, சோலியப் பாரு, லாரி வந்துரும்" என்றார். அக்கா மறுபடி பிரிக்க ஆரம்பித்தார். நான் நின்றேன். ஏதாவது சொல்வார், திட்டுவார் என்று நின்றேன். கடைசியில், தலை நிமிராமல், "வெரசா போ. இருட்டுறதுக்குள்ள கேட்டப் பூட்டிருவாங்க" என்றார்.

போனேன்.